மட்டக்களப்புக்கு வந்த ஆட்கள்

6 ஆகஸ்ட் 2025, புதன் இரவு: ரயில்

"மட்டக்களப்புக்கோ? கவனம், பாயோட ஒட்ட வச்சிடுவாங்கள்." யாழ்ப்பாணத்தில் பிறந்த யாரும் இந்தப் பகிடியைக் கேட்காமல் கிழக்குக்குப் புறப்பட்டிருக்க முடியாது. மந்திரம் தெரிந்த ஊர், போனவன் திரும்பமாட்டான் என்பது பழைய கதை. மட்டக்களப்பாரிடம் சொன்னால் கோபிக்கமாட்டார்கள். எங்கள் விருந்துபசாரத்தைத்தான் அப்படிச் சொல்கிறீர்கள் என்று சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடுவார்கள்.

நான் போனது அலுவலக வேலையாக. அது முதல் நாள் மதியமே முடிந்துவிட்டது, அதில் சொல்ல ஒன்றும் இல்லை. கல்லடியில் நண்பன் வீட்டில் தங்கி ஊர் சுற்றலாம் என்பது திட்டம். சுற்றிய இடமெல்லாம் யாராவது ஒருவர், எப்போதோ அந்த ஊருக்கு வந்துபோன இன்னொருவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

கொழும்புக் கோட்டையில் ஏறிய இரவு ரயில் வெலிக்கந்தைக்குப் பிறகு காட்டுக்குள் நின்றுவிட்டது. யானை என்றார்கள். தண்டவாளத்தில் நிற்கிறதா, பக்கத்தில் நிற்கிறதா, ஒன்றா, கூட்டமா, யாருக்கும் தெரியாது. மின்விசிறியும் நின்றது. நுளம்பு மட்டும் வேலை செய்தது. எதிரில் இருந்த வாழைச்சேனை அம்மா மடியில் வைத்திருந்த பார்சலைப் பிரித்தார். இடியப்பம், சம்பல், அவித்த முட்டை. என்னிடம் பசிக்கிறதா என்று கேட்கவே இல்லை. பாதியைப் பிரித்து என் கையில் வைத்தார்.

"சாப்பிடுங்க மனே. யானைக்கு என்ன, அதுக்கு நேரமா தெரியும்?"

7 ஆகஸ்ட், வியாழன்: புளியந்தீவு

விடியற்காலை வந்து சேர வேண்டிய ரயில் வெயில் ஏறிய பிறகு வந்தது. கச்சான் காற்று அடிக்கும் காலம். மேற்கிலிருந்து காய்ந்து சுட்டுக்கொண்டு வரும் காற்று, குளித்து முடித்த ஐந்தாம் நிமிடம் மறுபடியும் குளிக்கச் சொல்லும். நண்பனின் அம்மா குழல் பிட்டும் மணலை மீன் குழம்பும் வைத்திருந்தார். பிட்டின் மேல் முதல் பால் கொஞ்சம் தெளித்துப் பிசைந்து தந்தார்கள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் வேறு எதுவும் எழுத முடியாது.

வேலை முடிந்ததும் காந்திப் பூங்காவுக்கு வந்தேன். வாவிக் கரையில் மர நிழல், காந்தி சிலை, பக்கத்தில் பஸ் இரைச்சல். வாசலில் ஒரு பெண் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு சுண்டு 150 ரூபாய். வாய் ஒட்டும், ஆனால் நிறுத்த முடியாது. காந்தி 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்தவர். எங்கள் வீட்டில் அப்பாச்சி தன் தகப்பன் அவரைப் பார்த்த கதையைச் சாகும்வரை சொன்னார், ஒவ்வொரு தடவையும் கூட்டம் கொஞ்சம் பெரிதாகும். அந்த நினைப்பில் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வாங்கில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். ஓய்வு பெற்ற ஆசிரியராம்.

"காந்தியை விடுங்க தம்பி. இஞ்ச இறங்கினவரைத் தெரியுமா?" என்று வாவிப் பக்கம் நிற்கும் வாயிலைக் காட்டினார்.

இறங்கியவர் வில்லியம் ஓல்ட், மெதடிஸ்த பாதிரியார். 1813 டிசம்பர் கடைசியில் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட குழுவில் ஒருவர். புறப்பட்ட கணக்கும் வந்த கணக்கும் வேறு. ஓல்டின் மனைவி கப்பலிலேயே இறந்துவிட்டார். குழுவின் தலைவர் தோமஸ் கோக் 1814 மே மாதம் நடுக்கடலில் இறந்தார். மிஞ்சியவர்கள் ஜூன் கடைசியில் காலியில் இறங்கி, யார் எந்த ஊருக்கு என்று பிரித்துக்கொண்டபோது ஓல்டுக்கு மட்டக்களப்பு விழுந்தது. வந்து, பள்ளிக்கூடம் தொடங்கி, 1815 ஏப்ரல் 1 ஆம் தேதி காய்ச்சலும் களைப்புமாக இங்கேயே இறந்துபோனார். அந்தப் பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. அதன் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது.

பெரியவர் இதைச் சொன்ன விதம்தான் எனக்குப் பிடித்தது. வரலாறு சொல்கிற குரல் இல்லை, முன் வீட்டுக்குக் குடிவந்து சீக்கிரம் செத்துப்போன ஒருவரைப் பற்றிப் பேசுகிற குரல். "பொண்டாட்டியக் கடல்ல விட்டுட்டு வந்த மனுசன். ஒரு வருசம்கூட இருக்கல்ல. பள்ளிக்கூடம் மட்டும் இருநூறு வருசமா நடக்குது." பிறகு, நான் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், கொழும்பில் வீட்டு வாடகை எவ்வளவு என்று விசாரித்தார். வாடகையைச் சொன்னதும் ஓல்டுக்கு வருத்தப்பட்டதை விடக் கூடுதலாக எனக்கு வருத்தப்பட்டார்.

அங்கிருந்து கோட்டைக்கு நடந்தேன். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டியது. பத்தே வருடத்தில், 1638 மே மாதம், கண்டி அரசன் இரண்டாம் ராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். சுவர் உயரம் பெரிதில்லை, கனம் அதிகம். மேலே ஏறினால் இரண்டு பக்கமும் தண்ணீர். உள்ளே பல காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், நடந்த கட்டடங்கள். பீரங்கியில் சாய்ந்து ஒரு சோடி செல்பி எடுத்துக்கொண்டிருந்தது. காவலாளி என்னைப் பார்த்து, "உங்களையும் எடுக்கட்டா சேர்?" என்று கேட்டுக் கைப்பேசியை வாங்கிக்கொண்டார். எடுத்த படத்தில் என் தலை இல்லை, பீரங்கி முழுதாக இருக்கிறது.

கோட்டை கட்டுவதற்கு முன்பே ஒல்லாந்தர் இந்தக் கரைக்கு வந்துபோயிருக்கிறார்கள். 1602 மே கடைசியில் வந்தவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன். இவர் போர்த்துக்கேயனோ என்று மட்டக்களப்புத் தலைவருக்குச் சந்தேகம். அதைத் தீர்த்துக் கண்டிக்குப் போய், விமலதர்மசூரிய அரசனோடு நட்பாகி, மரியாதையாகத் திரும்பினார். அதே வருடக் கடைசியில் வந்தவர் செபால்ட் டி வேர்ட். இவர் கதை வேறு. கப்பல் ஆட்கள் ஊர் மாடுகளை வெட்டித் தின்றார்கள். ஊர் கொதித்தது. 1603 இல் மறுபடி கப்பல்களோடு வந்தவர், பிடித்த போர்த்துக்கேயரை அரசனைக் கேட்காமல் விட்டுவிட்டார். சமாதானம் பேச வந்த அரசனுக்கு முன்னால் குடித்துவிட்டு ராணியைப் பற்றி வாய்விட்டதாகச் சொல்கிறார்கள். அந்த இடத்திலேயே அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டிப்போட்டார்கள். இத்தனைக்கும் சாதாரண ஆள் இல்லை. தென் அமெரிக்காவின் அடியில் உள்ள போக்லாந்துத் தீவுகளுக்கு ஒல்லாந்தர் வரைபடங்களில் நீண்ட காலம் இவர் பெயர்தான், செபால்ட் தீவுகள். அவ்வளவு தூரம் கடல் சுற்றிய மனிதன், மட்டக்களப்பில் சாப்பாட்டு மேசையில் வாய் காக்கத் தெரியாமல் செத்தார்.

இரவு இதை நண்பனின் அம்மாவிடம் சொன்னேன். இறால் தோல் உரித்துக்கொண்டே கேட்டார். "மாட்ட வெட்டித் தின்னவனா? அப்ப கொக்கட்டிச்சோலைக்குப் போங்க. அங்க ஒரு மாடு இருக்கு."

8 ஆகஸ்ட், வெள்ளி, போயா: பாதர்கள், பாலம், ஊரி

போயா, பௌர்ணமி விடுமுறை. இறைச்சிக் கடை இல்லை, அலுவலகம் இல்லை, நகரம் அரைத் தூக்கத்தில். காலையில் புனித மிக்கேல் கல்லூரிப் பக்கம் நடந்தபோது கூடைப்பந்துத் தரையில் சில பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலி ஓரத்தில் முழங்காலுக்குப் பட்டி கட்டிய ஒருவர், வயது எழுபதுக்குக் கிட்ட, அவர்களைத் திட்டிக்கொண்டு நின்றார். கால் வைப்புச் சரியில்லையாம். என்னைப் பார்த்ததும் திட்டை நிறுத்திவிட்டு, "நீங்க விளையாடுவீங்களா?" என்றார். இல்லை என்றதில் அவருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் சந்தியில் பிளேன்டி வாங்கித் தந்தார். ஐம்பது ரூபாய் கொடுக்க என்னை விடவில்லை.

இந்த ஊருக்கும் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபைக்கும் உள்ள உறவு மட்டக்களப்புக்கு வெளியே பலருக்குத் தெரியாது. 1940களின் பிற்பகுதியில் அந்தத் துறவிகள் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் வந்தார்கள். லூயிசியானாவின் வெக்கை பழகியவர்கள் என்பதால் கச்சானைத் தாங்கியிருப்பார்கள் போலும். வந்தவர்கள் பூசையோடு கூடைப்பந்தையும் கொண்டுவந்தார்கள். நகரின் பெரிய விளையாட்டு மைதானத்துக்கு வெபர் மைதானம் என்று பெயர். ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயர்.

முழங்கால் பட்டிக்காரருக்குப் பயிற்சி கொடுத்தவர் யூஜின் ஹெபேர் அடிகளார். "விசில் ஊதினா காதுக்குள்ள இண்டைக்கும் கேக்குது. தோத்தா பேசமாட்டார். வெண்டு போட்டு ஆட்டம் காட்டினாத்தான் பேசுவார். பிழையா வெல்லாத என்பார்." கையால் பந்து தட்டும் மாதிரி காட்டிக்கொண்டே சொன்னார். பிறகு கை நின்றது.

ஹெபேர் 1990 ஆகஸ்ட் 15 ஆம் தேதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் வரும் வழியில், கூட வந்த ஓர் இளைஞனோடு காணாமல் போனார். ஸ்கூட்டரும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. கிழக்கில் அந்த ஆகஸ்ட் எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காணாமல் போனவர்களைப் பற்றி அம்மாமார் வந்து சொல்லச் சொல்ல எழுதி வைத்த இன்னொரு அமெரிக்கர் பென் மில்லர் அடிகளார், 1948 இல் வந்தவர், மட்டக்களப்பு சமாதானக் குழுவில் இருந்தவர். தன் சக துறவியின் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. மில்லர் 2019 இல் இந்த ஊரில்தான் இறந்தார்.

"எங்கட ஆக்கள் வெளிநாடு போயிட்டாங்க. வெளிநாட்டு ஆக்கள் இஞ்ச செத்தாங்க," என்றார் பட்டிக்காரர். பிறகு பையன்களைப் பார்த்துக் கத்தினார், "டேய், கால்!"

மதியம் வெயிலுக்குப் பயந்து வீட்டில் படுத்தேன், பாயில்தான். மாலையில் கல்லடிப் பாலம். 1924 இல் கட்டியது. அப்போதைய ஆளுநர் வில்லியம் மனிங். அவர் மனைவியின் பெயரில் அது லேடி மனிங் பாலம். 2013 முதல் வாகனங்கள் பக்கத்தில் கட்டிய புதுப் பாலத்தில் போகின்றன. பழைய இரும்புப் பாலம் நடப்பவர்களுக்கும் தூண்டில் போடுபவர்களுக்கும் மாங்காய் அச்சாறு விற்பவருக்கும் மிச்சம். ஒரு பை அச்சாறு 150 ரூபாய், மிளகாய் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. பாலத்தில் நின்ற பலரிடமும் கேட்டுப் பார்த்தேன். மனிங் சீமாட்டி யார், எப்படி இருப்பார், இங்கே வந்தாரா என்று ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. "கவர்னர்ட துரைச்சாணி" என்றார் அச்சாறுக்காரர், அவ்வளவுதான். நூறு வருடம் பெயர் நின்றும் கதை ஒட்டவில்லை. ஹெபேரின் பெயரில் பாலம் இல்லை, அவர் விசில் மட்டும் ஒரு காதுக்குள் இருக்கிறது.

இரவு தோணி. வாவிக்கு அடியிலிருந்து வரும் இசையைப் பாடுமீன் என்பார்கள். அது பௌர்ணமியில்தான் கேட்கும், அதுவும் ஏப்ரலுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், தண்ணீர் அமைதியாக இருந்தால். தோணிக்காரர் 3000 கேட்டார். நண்பன் அவர் தகப்பனின் பெயரைச் சொல்லி நலம் விசாரித்ததும் 2000 ஆனது. பாலத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீருக்குள் செங்குத்தாக இறக்கி, மேல் நுனியில் காதை வைக்கச் சொன்னார்.

1848 இல் இதே வாவியில் நிலா வெளிச்சத்தில் ஒரு பெரிய மனிதர் இப்படிக் காதை வைத்திருக்கிறார். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ட். மீனவர்களோடு தோணியில் போய்க் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வரும் அதிர்வு போல இருந்தது என்று எழுதிவைத்தார். தோணிப் பலகையில் காதை வைத்தபோது சத்தம் கூடியதாம். நூறு வருடம் கழித்து, 1950களில், இன்னோர் அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அதை ஒலிப்பதிவு செய்தார். இலங்கை வானொலி ஒலிபரப்பியது. சுவாமி விபுலாநந்தர் அந்த இசையைப் பற்றிப் பாட்டே எழுதியிருக்கிறார்.

எனக்குக் கேட்டது என்ன? முதலில் கரையில் இருந்த ஒரு விடுதியின் பாட்டு. பிறகு என் நாடித் துடிப்பு. பிறகு, தோணிக்காரர் எல்லோரையும் வாயை மூடச் சொன்ன பிறகு, அடியிலிருந்து ஒரு கறகறப்பும் அதற்கு மேல் மெல்லிய ஒரு இழுப்பும். ரெனன்டின் கண்ணாடிக் கிண்ணம் இல்லை. ஆனால் ஏதோ இருந்தது, அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன். மீனா என்று கேட்டேன்.

"மீன் இல்ல தம்பி, ஊரி. பாடுமீன் எண்டு சொன்னாத்தான் வெளியூர் ஆக்கள் வருவாங்க."

ஊரி என்பது ஒரு வகைச் சங்கு நத்தை. ரெனன்டுக்கு மீனவர்கள் காட்டியதும் ஊரியைத்தான். அவர் அதையும் எழுதியிருக்கிறார். நூற்றெழுபது வருடத்துக்கும் மேலாக ஊர் ஒரே பதிலைத்தான் சொல்கிறது, நகரத்து வரவேற்புப் பலகைகளில் மட்டும் மீன்மகள் இருக்கிறாள். சந்தோசத்தில் எழுந்தபோது தோணி ஆடி என் ஒரு செருப்பு வாவிக்குள் போய்விட்டது. தோணிக்காரர் டோர்ச் அடித்துப் பார்த்தார், ஆழம். மற்றதையும் போட்டுவிடுங்கள், எடுக்கிறவனுக்குச் சோடியாகக் கிடைக்கட்டும் என்றார். போட்டேன்.

9 ஆகஸ்ட், சனி: மாடும் தச்சரும்

காலையில் முதல் வேலை றப்பர் செருப்பு, 650 ரூபாய். பிறகு நண்பனின் மோட்டார் சைக்கிளில் கொக்கட்டிச்சோலை. காத்தான்குடி வீதி நடுவில் பேரீச்ச மரங்கள் குலை குலையாக நிற்கின்றன. அதைப் படம் எடுக்கிறவர்களால் சனிக்கிழமையும் நெரிசல். ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலம். 2014 இல் இந்தப் பாலம் வரும்வரை வாவியைக் கடக்க 'பாதை'யில்தான் ஏற வேண்டும். மோட்டார் சைக்கிள், மாடு, மணமகள் எல்லாம் ஒரே மிதவையில். பாலம் வந்ததும் பயணம் இரண்டு நிமிடம். பாதையில் நிற்கும் நேரத்தில் ஊர்ப் புதினம் எல்லாம் தெரிந்துவிடும், இப்போது தெரிவதில்லை என்று நண்பன் குறைப்பட்டான்.

தான்தோன்றீஸ்வரர் கோயிலில் வெயிலுக்கு மணல் சுட்டது. புதுச் செருப்பை வெளியே விட்டதில் அடுத்த கவலை. உள்ளே கல் நந்தி. கதை இதுதான்: கோயில்களை இடித்துக்கொண்டு வந்த போர்த்துக்கேயத் தளபதி, இந்தக் கல் மாடு புல் தின்னுமா என்று குருக்களிடம் ஏளனமாகக் கேட்டான். குருக்கள் புல்லை நீட்டினார். கல் மாடு எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டது. பறங்கி பயந்து கோயிலைத் தொடாமல் போனான். பூ விற்ற ஆச்சி இதைச் சொல்லும்போது சாணம் போட்ட இடத்தில் குரலை உயர்த்தினார். அது இல்லாவிட்டால் கதை முழுமையில்லையாம். தின்றது மாதிரிக் கண்கட்டு என்று ஒருத்தரும் சொல்ல முடியாது பாருங்கள், என்று விளக்கமும் தந்தார். வழக்குரைஞராகியிருக்க வேண்டியவர். பூ 100 ரூபாய், கதைக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.

ஒல்லாந்தர் மாட்டை வெட்டிக் கெட்டார்கள், போர்த்துக்கேயன் மாட்டைச் சீண்டி ஓடினான். ஒன்று கடலோடிகளின் குறிப்பில் உள்ளது, மற்றது ஆச்சியின் வாயில் உள்ளது. எருமையும் பசுவுமாக, வாவியின் மேற்குப் பக்கமான இந்தப் படுவான்கரை முழுக்க மேய்வதைப் பார்த்தால், இந்த ஊர் வெளியாளை அளக்க மாட்டைக் கோலாக எடுத்ததில் வியப்பு இல்லை.

வீடு திரும்பியபோது தச்சர் வந்திருந்தார். அறைக் கதவின் பிணைச்சல் கழன்று பல நாளாம். சீவுளியால் கதவின் அடியை இழைத்துக்கொண்டிருந்தவர், கைப்பேசி அடித்ததும் எடுத்து வேறு மொழியில் பேசினார். மூக்கால் வரும் ஒலிகள், இடையிடையே தமிழ்ச் சொற்கள். போர்த்துக்கேயப் பறங்கியர். மட்டக்களப்பில் தச்சு வேலை, இரும்பு வேலை என்றால் இவர்களைத்தான் தேடுவார்கள். அவர் வீட்டில் அந்தப் பழைய போர்த்துக்கேயம் இன்னும் பேசுகிறார்கள், கல்யாண வீட்டில் அந்தப் பாட்டுக்கு ஆடுகிறார்கள்.

தேநீருக்கு உட்கார்ந்தபோது கேட்டேன். "ஓம், லிஸ்பனில இருந்து ஆக்கள் வருவாங்க. ரெக்கோடர் வச்சு, கரண்டிக்கு என்ன சொல்வீங்க, மழைக்கு என்ன சொல்வீங்க எண்டு கேப்பாங்க. எங்கட அம்மாட்ட ஒரு பொம்பிள ரெண்டு நாள் இருந்து கேட்டா. போகக்குள்ள அழுதிட்டா. அம்மாக்கு விளங்கல்ல, சாப்பாடு உறைப்போ எண்டு கேக்கச் சொன்னா."

நானூறு வருடத்துக்கு முன் கோட்டை கட்ட வந்தவர்களின் வழிவந்தவரைத் தேடி, கட்டியவர்களின் நாட்டிலிருந்து விருந்தாளி. தச்சர் இதை நினைத்துப் பார்த்தாரோ என்னவோ, அவருக்கு அவசரம் கதவு. பிணைச்சல் பூட்டி, திறந்து மூடிக் காட்டி, 1500 வாங்கினார். கதவு இப்போது சத்தம் போடாமல் மூடுகிறது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, யார் வருகிறார்கள் என்று இனித் தெரியாதாம்.

10 ஆகஸ்ட், ஞாயிறு: காரைதீவு, பிறகு பஸ்

வெளிக்கிடும்போது அம்மா ஒரு தயிர்ச் சட்டியைக் கடதாசியால் கட்டி, கயிறு போட்டுத் தந்தார். எருமைத் தயிர். கொழும்பில் கிடைக்கிற தயிரைத் தயிர் என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை.

காரைதீவு அம்பாறை மாவட்டம், கல்முனை தாண்டிச் சாய்ந்தமருதுக்கு அடுத்து. சுவாமி விபுலாநந்தர் 1892 இல் மயில்வாகனமாகப் பிறந்த ஊர். அவர் அடங்கியிருக்கும் இடம் நான் தங்கியிருந்த வீட்டுக்குக் கிட்ட, கல்லடி உப்போடை சிவானந்தா வளாகத்தில். 1929 இல் அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. பிறந்த இடத்தில் ஊர்க்காரர் ஒருவர், மனப்பாடம் பண்ணிய மாதிரி, அவர் வாழ்க்கையை வருட வாரியாக ஒப்பித்தார்: 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர், பழந்தமிழ் யாழ்களைக் கணக்குப் போட்டு மீட்ட 'யாழ் நூல்' 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதம் 19 ஆம் தேதி மறைவு. ஊரில் இருந்த நாட்களை விட வெளியில் இருந்த நாட்கள்தான் கூட.

"யாழ்ப்பாணத்திலயும் படிப்பிச்சவர்தானே, பத்திரிசியார் கல்லூரியில, விஞ்ஞானம். உங்கட ஆக்கள் அவரப் பத்திக் கதைக்கிறதா?" என்று என்னைக் கேட்டார். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்ததும் எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருவராகத்தான் அவரை நினைவு. அப்பாச்சி காந்தி கதை சொன்ன நேரத்தில் பாதியை இவருக்குக் கொடுத்திருக்கலாம்.

மதியம் கல்முனையில் சோறும் சுங்கான் மீனும், 550. பிறகு கொழும்பு பஸ். அம்பாறையில் ஒரு சிங்கள ஐயா ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார், வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட். நகரம் தாண்டியதும் ஒரு பள்ளத்தில் பஸ் குதிக்க, சட்டி விரிந்து, தயிர் நேராக அந்த வெள்ளைச் சாரத்தில். எனக்கு வாய் வரவில்லை. அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"மட்டக்களப்பு?" என்றார் தமிழில். ஓம் என்றேன். "நல்லது."

கொஞ்சத் தமிழும் கொஞ்சச் சிங்களமுமாகப் பேச்சு ஓடியது. அவர் தகப்பன் இங்கினியாகலையில் கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வந்தவர். 1949 இல் தொடங்கிய அந்த வேலையைச் செய்தது அமெரிக்காவின் மொரிசன் நுட்சன் கொம்பனி. காட்டுக்குள் மஞ்சள் யந்திரங்களும், ஐஸ் போட்ட தண்ணீர் குடிக்கிற வெள்ளைக்காரரும். தகப்பன் அங்கேதான் புல்டோசர் ஓட்டப் பழகினாராம். ஊர் திரும்பிய பிறகும் சாகும்வரை பால் விடாத கோப்பிதான். காலையில் நாற்காலியில் சாய்ந்து, காலை மேசையில் போட்டுக்கொண்டு குடிப்பாராம், "அமெரிக்கன் மாதிரி". அம்மா அந்தக் காலைத் தட்டிவிடுவாராம். கல்லோயா என்றதும் எனக்கு அங்கே நடந்த 1956 இனக்கலவரம் ஞாபகம் வந்தது, அவருக்கும் வந்திருக்கலாம். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

மகியங்கனையில் பஸ் தேநீருக்கு நின்றது. அவர் இறங்கிப் போய்ச் சாரத்தைக் கழுவிவிட்டு வருவார் என்று பார்த்தால், ஒரு சிறிய போத்தல் கித்துள் பாணியும் பிளாஸ்டிக் கரண்டிகளும் வாங்கிக்கொண்டு வந்தார். உடைந்த சட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. ஓட்டை மேல் பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொல்லிப் பாணியை ஊற்றினார். முன் இருக்கைப் பிள்ளை எட்டிப் பார்த்தது, அதற்கும் ஒரு கரண்டி. அதைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் டிக்கட் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, எங்கே வாங்கியது, எவ்வளவு என்று விசாரித்தார். விலைக்கு வாங்கியதில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கையிலும் ஒரு கரண்டி இருந்தது.